அன்ரிபயோட்டிக் முடிந்த பிறகு வரும் வயிற்றோட்டம்: தயிரும் "நல்ல கிருமி"க் குளிசையும் எவ்வளவு கைகொடுக்கும்?



இன்று நான் பேசப்போவது, சாப்பாட்டு மேசையில் பேசக்கூடாது என்று நாங்கள் ஒதுக்கி வைத்திருக்கும் ஒரு விடயம். அன்ரிபயோட்டிக் குளிசை எடுத்து முடித்த பிறகு தொடங்கி, மாறி, திரும்பவும் வருகிற வயிற்றோட்டம். முகம் சுளிக்காமல் கேளுங்கள். 1980களில் இளைஞர்களாக இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தவர்கள் இப்போது 60, 70 வயதைத் தொட்டுவிட்டார்கள். அவர்களுடைய பெற்றோரும் சில வீடுகளில் இருக்கிறார்கள். இந்த நோய் கூடுதலாகப் பிடிப்பதும், பிடித்தால் விடாமல் வருத்துவதும் 65 வயதைக் கடந்தவர்களைத்தான்.

எங்களுடைய குடலில் இலட்சக்கணக்கான கோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. பெரும்பாலானவை எங்களுக்கு உதவி செய்பவை. அவை இடத்தைப் பிடித்துக்கொண்டு இருப்பதால் கெட்ட கிருமிகளுக்கு அங்கே இருக்க இடம் கிடைப்பதில்லை. அன்ரிபயோட்டிக் குளிசைக்கு நல்லது கெட்டது தெரியாது. சிறுநீர்த் தொற்றுக்கோ நெஞ்சுச் சளிக்கோ அது வேலை செய்யும்போது, குடலில் உள்ள நல்லவற்றையும் சேர்த்து அழிக்கிறது. களை பிடுங்கப் போய்ப் பயிரையும் பிடுங்கின வயல் மாதிரி.

அந்த வெறும் வயலில் முளைக்கிற ஒரு கிருமியின் பெயர் குளொஸ்ரிடியோயிடெஸ் டிபிசில். சுருக்கமாக சி-டிபிசில். 1935ஆம் ஆண்டிலேயே பிறந்த குழந்தைகளின் மலத்தில் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அன்ரிபயோட்டிக்குக்குப் பின் வரும் கடுமையான குடல் அழற்சிக்கு இதுதான் காரணம் என்று தெரிய வந்தது 1978இல். இது ஒரு நஞ்சைச் சுரந்து பெருங்குடலைப் புண்ணாக்குகிறது. கடினமான ஓட்டுக்குள் இருக்கும் விதை போல வித்துக்களாக மாறி மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கவும் இதற்குத் தெரியும். மருந்து எடுத்து சுகமான பிறகு, மிஞ்சிக் கிடந்த வித்துக்கள் திரும்ப முளைக்கின்றன. முதல் தடவை வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இது திரும்பி வருகிறது. ஒருமுறை திரும்பி வந்தவர்களுக்கு மறுபடியும் வரும் வாய்ப்பு இன்னும் கூட.

என்னுடைய அம்மாவுக்கு இது வந்தது. 74 வயது. சிறுநீர்த் தொற்றுக்கு ஒரு கிழமை அன்ரிபயோட்டிக் எடுத்தார். அது முடிந்து சில நாட்களில் ஒரு நாளைக்கு எட்டுப் பத்துத் தடவை போகத் தொடங்கிவிட்டது. சொந்தக்காரர் தொலைபேசியில் மாதுளங்கோது அவித்துக் குடிக்கச் சொன்னார்கள், தயிரில் வெந்தயம் போடச் சொன்னார்கள். வைத்தியரிடம் போனபோது மொழிபெயர்த்தது என்னுடைய 16 வயது மகன். பேரனுக்கு முன்னால் அம்மாவுக்கு வாய் வரவில்லை. "வயிறு கொஞ்சம் சரியில்லை எண்டு சொல்லு ராசா" என்றார். அவனும் அதை அப்படியே ஜேர்மனில் சொன்னான். எட்டுத் தடவை என்பதும், அன்ரிபயோட்டிக் எடுத்தது என்பதும் அந்த அறைக்குள் பேசப்படவே இல்லை. அடுத்த கிழமை நான் கூடப் போய் எல்லாவற்றையும் சொன்ன பிறகுதான் மலப் பரிசோதனை செய்தார்கள். வன்கோமைசின் பத்து நாள் கொடுத்தார்கள். சுகம் வந்தது. இரண்டு கிழமையில் திரும்பவும் தொடங்கியது.

அந்த நேரத்தில்தான் புரோபயோட்டிக் என்கிற நல்ல கிருமிகளைப் பற்றி நான் தேடிப் படித்தேன். இதற்கும் சுவிஸ் நாட்டுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. ஸ்தாமென் கிரிகொரொவ் என்ற பல்கேரிய மருத்துவ மாணவர், தன்னுடைய ஊர்த் தயிரை ஜெனீவாவில் உள்ள ஆய்வுகூடத்தில் வைத்து ஆராய்ந்து, அதைத் தயிராக்கும் நுண்ணுயிரை 1905இல் கண்டறிந்தார். இன்று மிக்ரோவிலும் கோப்பிலும் நாங்கள் வாங்கும் யோகர்ட்டில் இருப்பது அவர் கண்ட அந்த இனம்தான். அடுத்தது, ஆன்றி பூலார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் 1920களில் இந்தோசீனாவில் கண்டுபிடித்த ஒரு வகை ஈஸ்ட். லிச்சி, மங்குஸ்தான் பழத்தோல்களில் இருந்து எடுத்தார். சாக்கரோமைசெஸ் பூலார்டி என்று பெயர். பெரென்ரெரோல் என்ற பெயரில் இங்கே பார்மசிகளில் கிடைப்பது இதுதான். இது ஈஸ்ட் என்பதால் பாக்டீரியாவைக் கொல்லும் அன்ரிபயோட்டிக் இதைக் கொல்லாது.

இது எவ்வளவு உதவும்? 1994இல் அமெரிக்காவில் 124 நோயாளிகளிடம், வழமையான மருந்தோடு இந்த ஈஸ்ட்டையும் கொடுத்துப் பார்த்தார்கள். ஏற்கெனவே நோய் திரும்பி வந்தவர்களில், ஈஸ்ட் எடுக்காதவர்களுக்கு 65 வீதம் திரும்பவும் வந்தது. எடுத்தவர்களுக்கு 35 வீதம். ஆனால் முதல் தடவை நோய் வந்தவர்களுக்கு குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. பின்னால் வந்த ஆய்வுகள் இந்த அளவுக்கு உறுதியான பலனைக் காட்டவில்லை. 2021இல் அமெரிக்க குடல் வைத்தியர்களின் கல்லூரி, நோய் திரும்பி வராமல் தடுக்கப் புரோபயோட்டிக்கைத் தாங்கள் பரிந்துரைக்கவில்லை என்று எழுதியது.

நோய் வருவதற்கு முன்பே, அன்ரிபயோட்டிக் எடுக்கும்போதே சேர்த்து எடுத்தால் என்ன? 2017இல் 31 ஆய்வுகளை, 8,672 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். எடுக்காதவர்களில் நூற்றுக்கு நான்கு பேருக்கு நோய் வந்தது, எடுத்தவர்களில் ஒன்றரைப் பேருக்கு. பலன் தெளிவாகத் தெரிந்தது ஏற்கெனவே ஆபத்துக் கூடியவர்களிடம்தான். இதற்கு மறுபக்கமும் உண்டு. 2018இல் இஸ்ரேலில் செய்த ஒரு ஆய்வில், அன்ரிபயோட்டிக்குக்குப் பிறகு பல இனம் கலந்த புரோபயோட்டிக் எடுத்தவர்களுக்கு, அவர்களுடைய சொந்தக் குடற்கிருமிகள் திரும்பி வளர மாதக்கணக்கில் தாமதமானது. ஆகவே "நல்லதுதானே, எவ்வளவும் எடுக்கலாம்" என்ற பேச்சு சரியில்லை.

எங்கள் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றியும் கேட்பீர்கள். தயிரும் மோரும் உயிருள்ள கிருமிகளைத் தருகின்றன, வயிறு ஏற்றுக்கொண்டால் சாப்பிடலாம். ஆனால் அவை குடலில் குடியிருப்பதில்லை, வந்து போகிற விருந்தாளிகள். தோசையும் இட்டலியும் புளித்த மாவில் செய்தாலும் சூட்டில் கிருமிகள் இறந்துவிடும். பழஞ்சோறு எங்களுக்கு அருமையான சாப்பாடு. ஆனால் வெளியில் கிடந்த சோற்றில் வேறு நஞ்சுக் கிருமிகளும் வளரலாம் என்பதால், வயிறு புண்ணாகிக் கிடக்கும் வயதானவருக்கு அந்த நேரத்தில் வேண்டாம். இவை எதுவும் சி-டிபிசில் வந்த பிறகு அதற்கான மருந்துக்குப் பதிலாக முடியாது.

அம்மாவுக்கு இரண்டாவது தடவை வன்கோமைசினைப் பல கிழமைகள் கொடுத்து, படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். வைத்தியரைக் கேட்டு, அவர் சம்மதித்த பிறகு, பெரென்ரெரோலும் கூடவே கொடுத்தோம். அதற்குப் பிறகு இன்றுவரை திரும்பி வரவில்லை. எது சுகமாக்கியது என்று என்னால் சொல்ல முடியாது. மருந்தைக் குறைத்த முறையாக இருக்கலாம், இரண்டும் சேர்ந்ததாக இருக்கலாம். ஒருவருக்குச் சரிவந்தது என்பதை எல்லோருக்கும் சரிவரும் என்று நான் இங்கே சொல்ல வரவில்லை.

அதற்கும் கேட்காமல் திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கும் வழி இருக்கிறது. சுகதேகியான ஒருவரின் மலத்தில் இருந்து எடுத்த நுண்ணுயிர்களை நோயாளியின் குடலுக்குள் செலுத்துவது. கேட்க அருவருப்பாக இருக்கும். ஆனால் 2013இல் நெதர்லாந்தில் இப்படிச் சிகிச்சை பெற்ற 16 பேரில் 13 பேர் முதல் தடவையிலேயே சுகமானார்கள். வன்கோமைசின் மட்டும் எடுத்த 13 பேரில் சுகமானது நான்கு பேர். சுவிசில் லோசான் பல்கலைக்கழக வைத்தியசாலையில் இதற்கென்றே ஒரு நிலையம் உண்டு.

கடைசியாக, குறித்து வைத்துக்கொள்ளச் சில விடயங்கள்.

அன்ரிபயோட்டிக் எடுக்கும்போதோ, எடுத்து முடித்து இரண்டு மூன்று மாதங்களுக்குள்ளோ, ஒரு நாளில் மூன்று தடவைக்கு மேல் தண்ணீராகப் போனால் வைத்தியரிடம் சொல்லுங்கள். எடுத்த குளிசையின் பெட்டியையும் கொண்டு போங்கள்.

வயிற்றோட்டத்தை நிறுத்தும் இமோடியம் போன்ற குளிசையை வைத்தியரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். நஞ்சு உள்ளேயே தங்கிவிடலாம்.

கையைச் சவர்க்காரம் போட்டுத் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். அல்கஹோல் ஜெல் இந்த வித்துக்களைக் கொல்லாது. கழிப்பறையை ஜாவெல் தண்ணீரால் துடையுங்கள். அதை வேறு துப்புரவு மருந்துகளோடு கலக்க வேண்டாம்.

புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், பெரிய இரத்தக்குழாயில் மருந்துக் குழாய் பொருத்தியிருப்பவர்கள் பூலார்டி ஈஸ்ட் எடுக்கக்கூடாது. அது இரத்தத்தில் கலந்து ஆபத்தாகலாம்.

கடும் காய்ச்சல், வயிறு வீக்கம், இரத்தம், தலைச்சுற்று, சிறுநீர் போகாமல் இருப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள். 144ஐ அழையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பேரப்பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளர் ஆக்காதீர்கள். வைத்தியசாலையில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், கேட்பதில் வெட்கம் இல்லை. செஞ்சிலுவைச் சங்கம் தமிழிலும் சுகாதாரக் கைநூல்கள் வெளியிட்டிருக்கிறது. எத்தனை தடவை, எந்த நிறம், எப்போதிருந்து என்று வெளிப்படையாகச் சொல்லும் அந்தச் சில வார்த்தைகள்தான் சரியான மருந்தைக் கொண்டுவரும்.