குரல் தாண்டிய வரிகள்

தலைமை உரை நீண்டால் முதல் அமர்வின் நேரத்தைத் தின்றுவிடும். நேரே பொருளுக்கு வருகிறேன்.

விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் பெண்கள் விடுதிப் பள்ளிகளில் தணிக்கை என்றதும் பூட்டிய அலமாரியும் பறிமுதலான நாவலும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. என் கணிப்பில், அலமாரிப் பூட்டைவிட அதிகம் உழைத்தது வாசிப்பவரின் குரல். தையல் நேரத்தில் எல்லார் கையிலும் ஊசி. புத்தகம் ஒருவரிடம் மட்டும். அவர் எந்தப் பத்தியைத் தாண்டினார் என்பது கேட்பவர்களுக்கு எப்படித் தெரியும்?

தாமஸ் பௌட்லர் 1818-இல் பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட ‘குடும்ப ஷேக்ஸ்பியர்’ முன்னுரையில் தம் தந்தையை நினைவுகூர்கிறார். அவர் வீட்டாருக்கு நாடகங்களை வாசித்துக் காட்டுவாராம். தகாத சொற்களை அவர் விட்டுவிட்டுப் போனது யாருக்கும் தெரியவே இல்லையாம். எல்லாத் தந்தையருக்கும் ஆசிரியைகளுக்கும் அந்தச் சாமர்த்தியம் வாய்க்குமா? வாய்க்காதவர்களுக்காக, நாக்கு செய்துவந்த வேலையை அச்சு ஏற்றுக்கொண்டது. இடையில் ஒன்று சொல்ல வேண்டும்: 1807-இல் பெயரில்லாமல் வந்த முதல் பதிப்பைத் தொகுத்தவர் தாமஸின் சகோதரி ஹென்றியெட்டா. ஷேக்ஸ்பியரின் ஆபாசம் தமக்குப் புரிந்தது என்று மணமாகாத ஒரு பெண் அன்று எப்படிச் சொல்லிக்கொள்வது? புகழும் ஏளனமும் சகோதரருக்கே போய்ச் சேர்ந்தன.

அதே 1807-இல் வந்த லாம் உடன்பிறந்தாரின் ‘ஷேக்ஸ்பியர் கதைகள்’ முன்னுரை, மூல நாடகங்களிலிருந்து தங்கைகளின் காதுக்கு ஏற்ற பகுதிகளைத் தேர்ந்து வாசித்துக் காட்டும்படி அண்ணன்மாரைக் கேட்டுக்கொள்கிறது. விடுதியில் அண்ணன் ஏது? அந்த இடத்தில் ஆசிரியை உட்கார்ந்தார். லூயிஸ் கரோலுக்கோ பௌட்லரின் வெட்டும் போதவில்லை. சிறுமிகளுக்கென்றே தனி ஷேக்ஸ்பியர் பதிப்பு வேண்டும் என்று 1889-இல் எழுதினார்.

என் கணிப்புக்கு எதிரான சாட்சியையும் நானே சொல்லிவிடுகிறேன். பிரான்சிஸ் பவர் காப் 1836-இல் பிரைட்டனில் ஒரு பள்ளியில் சேர்ந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு ஆயிரம் பவுன் செலவு. சுற்றிலும் நான்கு பியானோக்கள் ஒரே நேரத்தில் முழங்க, மேசைக்கு மேசை மாணவிகள் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியம் என்று ஆசிரியைகளிடம் உரக்கப் படித்ததை அவரது தன்வரலாறு விவரிக்கிறது. அந்த இரைச்சலில் எந்த ஆசிரியை எந்த வரியைக் காவல் காத்திருப்பார்? சார்லட் பிராண்டியின் ‘ஜேன் அயர்’ இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. ஞாயிறு மாலை ஆசிரியை கொட்டாவியோடு நீண்ட பிரசங்கத்தை வாசிக்க, சின்னப் பெண்கள் தூங்கி விழுகிறார்கள். அதே பள்ளியில் ஹெலன் பர்ன்ஸ் தனியே, வாய் திறக்காமல், ‘ராசெலாஸ்’ படித்துக்கொண்டிருக்கிறாள். ஜேன் அவளிடம் பேசத் துணிவதே அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான்.

வெட்டிய பதிப்பை முழுப் பதிப்போடு வைத்து வரிவரியாக ஒப்பிட்டுவிடலாம். வாய் தாண்டிய வரிக்குத் தடயம் கிடைப்பது அரிது. பள்ளிப் பிரதிகளின் ஓரத்தில் பென்சில் கோடுகள் இருக்கலாம். பின்னாளில் முழு நூலைப் படித்துத் திகைத்தவர்கள் தம் தன்வரலாறுகளில் அதை எழுதியிருக்கலாம். பதிப்புகளைப் பற்றிப் பேச வந்திருப்பவர்கள் இந்த இரண்டையும் தேடிப் பார்த்தார்களா என்று ஒவ்வோர் அமர்விலும் கேட்பேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.