இழைகளே கட்டும் சட்டகம்



டி.என்.ஏ. என்றதும் பரம்பரை, மரபணு, குற்ற வழக்குப் பரிசோதனை என்றுதான் மனம் ஓடும். அதையே கட்டுமானப் பொருளாகப் பார்த்தவர் நெட் சீமன். அமெரிக்காவின் ஆல்பனி நகரில் வேலை பார்த்த படிகவியலாளர். ஒரு புரதத்தின் உருவத்தை எக்ஸ் கதிரால் அறிய, முதலில் அதைப் படிகமாக்க வேண்டும். பல புரதங்கள் அதற்கு எளிதில் இணங்குவதில்லை. அதுதான் அவருடைய தவிப்பு.

1980இல், பல்கலைக்கழக வளாகத்து மதுவிடுதியில் யோசித்துக்கொண்டிருந்தபோது, டச்சு ஓவியர் எஷரின் படம் ஒன்று அவர் நினைவுக்கு வந்தது. ஒரே மாதிரி மீன்கள் மேலும் கீழும், முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் வரிசை தப்பாமல் நிற்கும் படம். ஒவ்வொரு மீனும் அவருக்கு ஆறு கைகள் நீட்டிய டி.என்.ஏ. சந்தியாகத் தெரிந்தது. அப்படியொரு சட்டகம் அமைந்தால், அதன் அறைகளில் புரதங்களை ஒழுங்காக உட்கார வைக்கலாமே!

டி.என்.ஏ.வின் காரங்களில் அடினைன் தைமினோடு சேரும். குவானைன் சைட்டோசினோடு சேரும். எந்தக் கை எந்தக் கையைப் பற்ற வேண்டும் என்பதை இந்த ஒரு விதியைக் கொண்டே எழுதிவிடலாம். 1991இல் அவர் ஆய்வகம் டி.என்.ஏ.வால் ஒரு கனசதுரமே செய்தது.

2006இல் கால்டெக் நிறுவனத்தின் பால் ராத்மண்ட் செய்ததுதான் என்னை மிகவும் வியக்க வைக்கிறது. வைரஸ் ஒன்றிலிருந்து 7,000 காரங்களுக்கு மேல் கொண்ட ஒற்றை இழையை எடுத்தார். செயற்கையாகத் தயாரித்த 200க்கும் மேற்பட்ட சிற்றிழைகளை அதோடு சேர்த்தார். ஒவ்வொரு சிற்றிழையும் நீண்ட இழையின் விலகிய இடங்களைப் பற்றி அருகே இழுக்கும். எல்லாவற்றையும் உப்புக் கரைசலில் சூடாக்கி ஆறவிட்டார். இரண்டு மணி நேரத்துக்குள் நட்சத்திரமும் சிரித்த முகமும் உருவாகிவிட்டன. யாரும் ஒரு துண்டைக்கூடத் தொட்டு அடுக்கவில்லை. ஒரு முகம் சுமார் 100 நானோமீட்டர் அகலம். ஒரு துளியில் கோடிக்கணக்கான முகங்கள். அந்தப் பரப்பின் ஒவ்வொரு புள்ளிக்கும் தனி முகவரி உண்டு என்பதால், தங்கத் துகளையோ புரதத்தையோ வேண்டிய இடத்தில் ஒட்டவைக்க முடிகிறது.

சீமன் கனவு கண்ட முப்பரிமாணப் படிகம், வடிவமைத்தபடியே 2009இல் வளர்ந்தது. அதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. 2010இல் காவ்லி பரிசைப் பகிர்ந்துகொண்ட அவர், 2021இல் காலமானார்.

மேல்நிலை வகுப்பு மாணவர்களே, அடினைன் தைமின் இணைவிதி உங்கள் உயிரியல் பாடத்திலும் இருக்கிறது. தேர்வு முடிந்ததும் அதை மறந்துவிடாதீர்கள்.