திரைக்குப் பின்னால் ஒரு முகம்



மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு 'அம்மா' என்று சொல்லிப் பாருங்கள். ஏறக்குறைய 'அப்பா' என்றுதான் கேட்கும். 'ம' ஒலிக்க வேண்டுமானால் காற்று மூக்கு வழியே போயாக வேண்டும். மேலண்ணத்தில் பிளவோடு பிறந்த குழந்தைக்கு நடப்பது இதற்கு நேர்மாறு. வாய்க்குள் நிற்க வேண்டிய காற்று மூக்குக்கு ஏறிவிடுகிறது. பிள்ளை 'அப்பா' என்று கூப்பிடும். வீட்டாருக்கு 'அம்மா' என்று கேட்கும்.

உதட்டுப் பிளவைப் பிறந்த சில மாதங்களிலும், அண்ணப் பிளவை ஒன்று, ஒன்றரை வயதுக்குள்ளும் டாக்டர்கள் தைத்துச் சரிசெய்துவிடுகிறார்கள். பேச்சுப் பயிற்சியும் உண்டு. ஆனாலும் தழும்பு இருக்கும். பள்ளிக்கூடத்தில் பட்டப்பெயர் இருக்கும். 'கிரகணத்தன்று நீ வெளியே வந்ததால்தான்' என்று தாயைக் குத்திக்காட்டுவதும் ஓயவில்லை. கிரகணத்துக்கும் உதட்டுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. தீக்காயம் பட்ட பிள்ளைகள், முகத்தில் பெரிய மச்சமுள்ள பிள்ளைகள் படும் பாடும் இதுதான். போட்டோ எடுக்கும்போது பின்வரிசைக்குப் போய்விடுவார்கள். சிரிப்பு வந்தால் கை தானாக வாயை மூடும்.

இவர்களுக்கு நாடகப் பயிற்சி கொடுப்பவள் நான். தொடக்கத்தில் முகமூடிகளைக் கொடுத்தேன். அவற்றுக்குள் குரல் நன்றாக எழும்பியது; கழற்றியதும் அடங்கிவிட்டது. மறைந்துகொள்ள அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தெருக்கூத்தில் வேஷக்காரர் நேரே சபைக்கு வந்துவிடுவதில்லை. இரண்டு பேர் திரை பிடிக்க, அதன் பின்னால் நின்று பாடி, சலங்கை குலுங்க, வருவது யாரென்று ஜனம் ஏங்கிய பிறகுதான் முகம் காட்டுவார். அந்த வழக்கத்தை நாங்கள் எடுத்துக்கொண்டோம். திரைக்கு ஒரு பழைய வேட்டி. எப்போது இறக்குவது என்பதைப் பின்னால் நிற்கும் பிள்ளை சொல்ல வேண்டும்.

பத்து வயதுச் சிறுமி ஒருத்திக்கு இடது கன்னம் முழுக்கத் தீத்தழும்பு. முதல் நாள் நெற்றி மட்டும் தெரிந்தது. மறுநாள் கண்வரை. மூன்றாம் நாள் எல்லாரையும் காக்கவைத்தாள். "வா, வா" என்று மற்றவர்கள் கைதட்ட, "இன்னும் இல்லை" என்று உள்ளிருந்து குரல். அவளைக் கேட்காமலே ஊர் பார்த்த முகம் அது. அன்றைக்கு அவள் சொல்லுக்காக இருபது பேர் காத்திருந்தார்கள். "இப்போ இறக்குங்க" என்றாள்.

பேச்சுப் பயிற்சியாளர் கொடுக்கும் வீட்டுப்பாடத்தைப் பத்து முறை சொல்ல அழும் பையன், சேவகன் வேஷம் கட்டி "பராக்! பராக்!" என்று சபை அதிரக் கூவுகிறான். 'ப'வும் 'க'வும் வாயில் காற்றை அடக்கினால்தான் வரும் ஒலிகள். அவனுக்கு அந்த நினைப்பே இல்லை. ராஜா வருகிறார், அவ்வளவுதான்.

பிரிட்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் பார்ட்ரிட்ஜ், 1970இல், தம் 18 வயதில், கார் தீப்பிடித்து முகம் கருகியவர். 1992இல் 'சேஞ்சிங் ஃபேஸஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். அறுவை சிகிச்சை மட்டும் போதாது, அந்நியர் பார்வையை எதிர்கொள்வதும் கற்றுக்கொள்ளக்கூடிய திறமை என்று வாழ்நாளெல்லாம் வாதாடினார். எனக்கு அதில் முழு நம்பிக்கை.

அதனால் கல்யாண வீட்டுக் காட்சி ஒன்றை அடிக்கடி நடிக்கிறோம். ஒரு பிள்ளை அத்தை. அந்த வேஷத்துக்கு நான் வசனமே எழுதவில்லை. அத்தனை கேள்வியும் அவர்களுக்கு மனப்பாடம். போன வாரம் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு பெண் கேட்டாள்: "ஏண்டி பாப்பா, உதட்டுல என்னடி ஆச்சு? ஐயோ பாவம்!"

எதிரே நின்றவள், கையை வாய்க்குக் கொண்டுபோகாமல் சொன்னாள்: "பொறக்கும்போதே பிளந்திருந்துச்சு அத்தை, தைச்சிட்டாங்க. வலி ஒண்ணும் இல்ல. நீங்க சாப்ட்டாச்சா?"

அத்தைக்கு அடுத்த கேள்வி வரவில்லை. கொஞ்சம் யோசித்து, "இனிமேதான் கண்ணு. வா, சேர்ந்தே உக்காருவோம்" என்றாள்.