நமக்கு எதற்கு விஞ்ஞானப் புனைகதை?

(மாணவர் சந்திப்பு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



படிக்க ஏதாவது கொடுங்கள் என்று வரும் நண்பர்களிடம் நான் விஞ்ஞானப் புனைகதைகளையும் மிகைபுனைவு நாவல்களையும்தான் நீட்டுகிறேன். வாங்கிப் புரட்டிவிட்டு, "என்ன தோழர், குடிதண்ணிக்கே போராடிக்கிட்டு இருக்கோம், நீங்க இல்லாத உலகத்தைக் காட்டுறீங்க" என்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில்தான் இந்தப் பேச்சு.

புருஷனின் வாயிலிருந்து ஒரு கூட்டம் பிறந்தது, காலிலிருந்து இன்னொரு கூட்டம் பிறந்தது என்கிறார்களே, அது என்ன? மிகைபுனைவு. சம்பூகன் தவம் செய்ததால் ஒரு பார்ப்பனப் பிள்ளை செத்துப்போச்சு, ராமன் அவன் தலையை வெட்டியதும் பிள்ளைக்கு உயிர் வந்தது என்பது என்ன? அதுவும் மிகைபுனைவுதான். இந்தக் கதைகள்தான் சட்டமாகி நம்மை ஊருக்கு வெளியே நிறுத்தின. கற்பனை அவர்கள் கையில் அதிகாரமாக இருந்திருக்கிறது. நம்மைப் பார்த்து மட்டும் "உன் வலியை எழுது, உள்ளதை உள்ளபடி எழுது" என்கிறார்கள். எழுதுவோம். தன்வரலாறு நம் ஆயுதம், அதைக் கீழே போட வேண்டியதில்லை. ஆனால் நடந்ததைச் சொல்வது நம்ம வேலை, நடக்கப் போவதைக் கற்பனை செய்வது அவங்க வேலை என்கிற பாகப்பிரிவினையை நாம் ஏன் ஏற்க வேண்டும்?

அமெரிக்கக் கறுப்பர்கள் ஏற்கவில்லை. அவர்களோடு நமக்கு உறவு பழையது. 1946இல் பாபாசாகேப் அம்பேத்கர், கறுப்பர்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் பிரதி கேட்டு டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் தோன்றியபோது, அந்தப் பெயரே அங்கிருந்துதான் வந்தது. அவர்களுடைய அரசியலைப் படித்த நாம் அவர்களுடைய புனைகதையையும் படிக்க வேண்டும். மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, அதே டு பாய்ஸ் 1920இல் எழுதிய 'தி காமெட்' (வால்நட்சத்திரம்) என்ற சிறுகதை. ஜிம் என்கிற கறுப்பர் நியூயார்க் வங்கி ஒன்றில் ஏவலாள். பழைய பதிவேடுகளை எடுத்துவர, அவரைத்தான் ஆழத்திலிருக்கும் பெட்டக அறைக்கு அனுப்புகிறார்கள். மதிப்பான உயிர்களை அங்கே அனுப்ப மாட்டார்கள். நானும் வங்கியில் குமாஸ்தாதான். தூசி படிந்த லெட்ஜரை எடுக்க யாரைக் கூப்பிடுவாங்கன்னு எனக்குத் தெரியும்! அவர் மேலே வரும்போது வால்நட்சத்திரத்தின் வாயுவால் நகரமே செத்துக் கிடக்கிறது. பிழைத்திருப்பது அவரும் ஒரு பணக்கார வெள்ளைப் பெண்ணும். உலகமே அழிந்தது என்று நினைக்கும்போதுதான் அந்தப் பெண்ணின் கண்ணுக்கு அவர் மனிதனாகத் தெரிகிறார். பிறகு அவளுடைய தகப்பன் வந்து சேர்கிறான். செத்தது நியூயார்க் மட்டும்தான். நிறவெறி பத்திரமாக இருக்கிறது. தகப்பன் நன்றி சொல்லி, வேலை வேண்டுமானால் வா என்கிறான். ஒரு நகரம் அழிந்தாலும் சாதி அழியாது என்பதை இதைவிடச் சுருக்கமாக யார் சொன்னார்கள்?

இரண்டாவது, ஆக்டேவியா பட்லரின் 'கிண்ட்ரெட்' நாவல், 1979. டானா 1976இல் லாஸ் ஏஞ்சல்ஸில் வாழும் கறுப்பின எழுத்தாளர். திடீரென்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கு, மேரிலாந்தின் அடிமைப் பண்ணை ஒன்றுக்கு இழுக்கப்படுகிறார். எப்படி என்று பட்லர் விளக்குவதே இல்லை. அங்கே ஆற்றில் மூழ்கும் வெள்ளைக்காரச் சிறுவனைக் காப்பாற்றுகிறார். அவன் டானாவின் மூதாதை. வளர்ந்து பண்ணை முதலாளியாகிறான். அவன் ஒரு கறுப்பினப் பெண்ணைப் பலவந்தப்படுத்திப் பிறக்கும் குழந்தையிலிருந்துதான் டானாவின் வம்சமே வர வேண்டும். அதுவரை அவனை உயிரோடு வைத்திருக்க வேண்டிய நிலை டானாவுக்கு. படிக்கும்போது நமக்கே உடம்பு கூசுகிறது.

பட்லரின் தாய் வெள்ளையர் வீடுகளில் வேலை செய்தவர், பின்வாசல் வழியாகப் போய் வந்தவர். முந்தின தலைமுறை அடங்கிப் போச்சு என்று கோபப்பட்ட இளைஞர்களுக்கு மறுமொழியாகத்தான் பட்லர் இதை எழுதினார். துண்டை இடுப்பில் கட்டி நின்ற நம் தாத்தாக்களைப் பார்த்து "ஏன் எதிர்க்கல?" என்று கேட்கிற தோழர்கள் அவசியம் படியுங்கள். இன்றைய படிப்போடும் உரிமை உணர்வோடும் அங்கே போன டானாவே சில மாதங்களில் வளையக் கற்றுக்கொள்கிறார். உயிரோடு இருந்து நம்மைப் பெற்றதே அவர்கள் நடத்திய போராட்டம்.

மூன்றாவது, என்.கே. ஜெமிசினின் 'தி ஃபிஃப்த் சீசன்', 2015. பூகம்பத்தால் அடிக்கடி அழியும் ஒரு கண்டம். அதிர்வை அடக்கும் சக்தி சில மனிதர்களுக்குப் பிறவியிலேயே இருக்கிறது. ஊர் நிற்பதே அவர்கள் உழைப்பில். அவர்களைத்தான் ஊர் வெறுக்கிறது, இழிபெயர் சொல்லி அழைக்கிறது, பிள்ளைகளை அடித்தே கொல்கிறது. சிக்கிய பிள்ளைகளைப் பிடித்துப்போய்ப் பழக்கி வேலை வாங்குகிறது. யாரால் வாழ்கிறோமோ அவர்களையே அருவருக்கிற இந்தப் பொதுப்புத்தியை நமக்கு விளக்க வேண்டுமா? இந்த நாவலும் இதைத் தொடர்ந்த இரண்டும் 2016, 2017, 2018 என மூன்று ஆண்டுகள் ஹ்யூகோ விருது பெற்றன. அதற்கு முன் அப்படி அடுத்தடுத்துப் பெற்றவர் யாருமில்லை.

இதெல்லாம் தப்பித்தல் இலக்கியம் என்று சில இடதுசாரி நண்பர்கள் சொல்வார்கள். இந்துவாகச் சாகமாட்டேன் என்று பாபாசாகேப் இயோலாவில் அறிவித்தது 1935இல். நாக்பூரில் பௌத்தம் ஏற்றது 1956இல். இடையில் 21 ஆண்டுகள். கண்ணுக்கு முன்னால் இல்லாத ஒரு மனிதரை, ஒரு சமூகத்தை அத்தனை காலம் மனதில் கட்டி வைத்திருந்தார். அதைத் தப்பித்தல் என்று எந்தத் தோழராவது சொல்வாரா?

இப்படித்தான் இருந்தது, இப்படித்தான் இருக்கும் என்பது சாதியின் முதல் பொய். வேறு மாதிரி இருக்கலாம் என்று நினைத்துப் பார்க்கிற பயிற்சியைத்தான் இந்தப் புத்தகங்கள் தருகின்றன.

மூன்றும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. பயப்பட வேண்டாம், நாளைக்கு இரண்டு பக்கம் படியுங்கள், நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். 'தி காமெட்' சின்னக் கதை, அமெரிக்காவில் அதன் பதிப்புரிமைக் காலமும் முடிந்துவிட்டது. உங்களில் யாராவது தமிழில் கொண்டுவாருங்கள், இந்தப் பத்திரிகையிலேயே போடலாம். அதற்குப் பிறகு நம்முடையதை எழுதுவோம்: சேரி என்ற சொல்லுக்கே அகராதியில் விளக்கம் தேவைப்படுகிற ஒரு காலத்தின் கதையை.