கையாற் கேட்ட பாடம்



உயர்கல்விக்குத் தடையாவது பணமின்மை ஒன்றே என்று எண்ணுவோர் பலர். கட்டணம் செலுத்திய பின்னரும் கல்லூரி வாயிலிற் காத்திருக்கும் தடைகள் எத்தகையன என்பதற்கு ஹெலன் கெலர் அம்மையாரின் மாணவப் பருவம் சான்றாகும்.

1880ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திற் பிறந்த அவர், பத்தொன்பதாம் மாதத்தில் நோயுற்றுப் பார்வையையும் செவிப்புலனையும் ஒருங்கே இழந்தார். 1887இல் ஆசிரியையாக வந்த ஆன் சலிவன், குழந்தையின் உள்ளங்கையில் விரல்களால் எழுத்துக்களை உணர்த்தி மொழியைக் கற்பித்தார்.

1899இல் றட்கிளிவ் கல்லூரியின் நுழைவுப் பரீட்சை வந்தது. வினாக்களை உணர்த்தச் சலிவனுக்கு அனுமதி கிடைக்கவில்லை. வேறொருவர் அவற்றைப் பிரெயில் எழுத்திற் பெயர்த்துக் கொடுத்தார். பரீட்சைக்கு இரு தினங்களே இருக்கையில், அட்சரகணித வினாத்தாளின் குறியீடுகள் தாம் பயின்றவை அல்ல என்பதை ஹெலன் அறிந்தார். கணக்கு அறிந்ததே, குறிகளோ புதியவை. அவற்றை விரைந்து பயின்று தேர்ச்சியும் பெற்றார்.

1900இல் கல்லூரி புகுந்த பின்னரும் இடர் தீரவில்லை. விரிவுரையாளர் பேசப்பேசச் சலிவன் அதனை ஹெலனின் கையில் எழுத்தெழுத்தாக உணர்த்தினார். கேட்பதும் கையாலேயாதலின், குறிப்பெடுக்கக் கை ஓய்ந்திருக்கவில்லை. வீடு திரும்பிய பின்னர், நினைவில் நின்றதையே எழுதிவைத்தார். பாடநூல்களுட் சிலவே பிரெயிலில் இருந்தன. ஏனையவும் சலிவனின் விரல்வழியே வந்தன. பிறர் ஆடிப்பாடிய வேளையும் ஹெலனுக்குப் படிப்பிலே கழிந்தது. சலிவனின் கண்களோ சிறுவயது முதலே பழுதுற்றவை.

1904இல் ஹெலன் சிறப்புடன் கலைமாணிப் பட்டம் பெற்றார். பார்வையும் செவிப்புலனும் இழந்தோருள் அப்பட்டத்தை முதலிற் பெற்றவர் அவரே. அருகிருந்து அவ்விரிவுரைகளைக் கேட்ட சலிவனுக்குப் பட்டம் இல்லை.

ஹெலனின் விடாமுயற்சியைப் போற்றுதல் எளிது. ஆயினும் அவர் எதிர்கொண்ட தடைகள் யாவும் உடற்குறையால் வந்தவையல்ல. அறியாத குறியீட்டில் அமைந்த வினாத்தாளும், பிரெயிலில் இல்லாத நூலும் பிறர் ஒழுங்கின் குறைகள். அவற்றை நீக்குதல் மாணாக்கரின் கடனன்று; கல்வி நிலையத்தின் கடன். இன்று எழுத்தைக் குரலாக்கும் கருவிகளும் உள. எனினும் உரிய காலத்தில் உரிய வடிவிற் பாடநூல் கிடையாவிடின், கருவியாற் பயன் என்னை?

சலிவனைப் போன்ற துணை எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை. அத்துணை வாய்க்காதவரும் கற்று முடிக்கத்தக்க கல்லூரியே அனைவர்க்கும் திறந்த கல்லூரியாகும்.