மயிர்க்கால் கொப்புளமும் பஞ்சாயத்தின் பணியும்

(உழவர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



வீராணம் ஏரிப் பாசன வயல்களில் சேற்றில் நின்று நடவு செய்வோரின் காலிலும் தொடையிலும் சிறு கொப்புளங்கள் கண்டால், "உடற்சூடு" என்று கூறி விட்டுவிடுகிறோம். உற்று நோக்கின், கொப்புளத்தின் நடுவில் ஒரு மயிர் தெரியும். நோய் கொண்டது மயிர்க்காலே. பெரும்பாலும் அதற்குக் காரணம் கிருமி. 1880-இல் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் கட்டியின் சீழில் அக்கிருமியைக் கண்டார். திராட்சைக் குலைபோலத் திரண்டிருப்பதால் பின்னர் அதற்கு ஸ்டாஃபிலோகாக்கஸ் என்று பெயரிட்டனர்.

வியர்வையில் தோல் ஊறும்போதும், இறுகிய ஆடை உராயும்போதும், சவரக்கத்தி கீறும்போதும் அது மயிர்க்காலினுள் புகுகிறது. கடலூர், பரங்கிப்பேட்டைக் கடற்கரையின் புழுக்கம் அதற்குத் துணை செய்கிறது. கொப்புளத்தின்மேல் எண்ணெய் தேய்த்தால் மயிர்க்காலின் வாய் அடைபட்டு நோய் நீடிக்கும்.

சிறு கொப்புளமாயின், சோப்பிட்டுக் கழுவி, தாங்கக்கூடிய வெந்நீரில் நனைத்த தூய துணியால் ஒற்றடமிடுக. பெரும்பாலும் சில நாட்களில் ஆறிவிடும். பிதுக்கலாகாது, சாணமும் சுண்ணாம்பும் பூசலாகாது. மருத்துவரைக் கேளாமல் களிம்பு வாங்குவதும் தீது. ஸ்டீராய்டு கலந்த களிம்பு சிவப்பை மறைத்துக் கிருமிக்கு இடங்கொடுக்கும்.

கட்டி அடிக்கடி தோன்றினால் நீரிழிவு உண்டா என்று சோதித்தல் வேண்டும். பல வாய் கொண்ட பிளவையோ, காய்ச்சலோ கண்டால் தாமதியாமல் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ, கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ, சிதம்பரம் அண்ணாமலைநகரிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ செல்லுக.

இது ஒருவர் தோலோடு முடியும் செய்தியன்று. ஒருவருக்குச் சவரம் செய்த பிளேடு அடுத்தவரைத் தொட்டால் கொப்புளம் மட்டுமா பரவும்? கல்லீரலைத் தாக்கும் ஹெப்பட்டைட்டிஸ் பி நோயும் பரவக்கூடும். ஆதலின், ஆளுக்கொரு புதிய பிளேடு என்பதைக் கிராம சபையில் பேசி முடிவு செய்யுங்கள். அதற்காகும் சிறு செலவை முடிதிருத்தும் தொழிலாளர் மேல் சுமத்தாமல், சவரம் செய்துகொள்வோரே ஏற்றல் முறை. வயலிலிருந்து திரும்புவோர் உடல் கழுவ நல்ல நீர்க் குழாய் ஒன்றும் அமைத்துக் கொடுங்கள்.

சாலையும் பாலமும் போலவே, உழைப்பவர் உடல்நலமும் ஊரின் சொத்து. அதனைக் காப்பதும் பஞ்சாயத்தின் பணியே.