உப்பில்லாப் பாண்



பிறநாடொன்றை அறிய விரும்புவோர் பெரும்பாலும் அதன் ஆலயங்களையும் கோட்டைகளையும் ஓவியக்கூடங்களையும் நாடிச் செல்வர். அவை காணத்தக்கனவே. ஆயின், அந்நாட்டு மக்கள் எதனை மதிக்கின்றனர், எதனை வீணாக்க மறுக்கின்றனர், துன்பம் வந்துற்றபோது எதனைப் பற்றிக்கொள்கின்றனர் என்பவற்றை அறிதற்கு அடுக்களையினுஞ் சிறந்த பள்ளிக்கூடம் வேறில்லை.

இத்தாலி நாட்டின் நடுவே உம்பிரியா என்னும் மலைப்பாங்கான மாகாணம் உண்டு. அதன் தலைநகர் பெரூஜியா. வெளிநாட்டவர்க்கு இத்தாலிய மொழியையும் பண்பாட்டையும் கற்பிப்பதற்கென 1920களில் தோன்றிய பல்கலைக்கழகம் ஒன்று அங்கே இயங்குகின்றது. அதிற் பயிலச் சென்ற நான், 2016ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதந் தொட்டு ஏறத்தாழ ஒன்பது மாதம் அந்நகரத்துக் குடும்பமொன்றில் ஒருவராக உண்டு உறங்கி வாழ்ந்தேன். எண்பது வயது மூதாட்டியார், அவருடைய மகன், மருமகள், பத்து வயதுப் பேரன் ஆகிய நால்வர் அவ்வீட்டில் இருந்தனர். மகனும் மருமகளும் வேலைக்குச் செல்வோர். ஆதலின் அடுப்பு மூதாட்டியாரின் ஆட்சியில் இருந்தது.

முதல்நாள் இரவு மேசையின் நடுவே பெரியதொரு பாண் இருந்தது. அதனை அவர்கள் 'பானே' என்றனர். நாம் வழங்கும் 'பாண்' என்னுஞ் சொல் போர்த்துக்கேயர் வாயிலாக நமக்கு வந்தது. அதற்கும் இத்தாலியச் சொல்லுக்கும் தாய்மொழி இலத்தீனே. அயல்நாட்டு மேசையில் உறவுச்சொல் ஒன்றைக் கேட்டது மகிழ்ச்சி தந்தது. ஆனால், ஒரு துண்டைப் பிட்டு வாயிலிட்டபோது அதில் மருந்துக்கும் உப்பு இல்லை. 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்று கேட்டு வளர்ந்தவருக்கு இஃது எத்துணை வியப்பாயிருந்திருக்கும் என்பதை நேயர்களே எண்ணிக் கொள்ளலாம்.

இதற்கு அவ்வூரார் கூறுங் காரணம் ஒரு போர்க்கதை. 1540ஆம் ஆண்டில், அப்பகுதிக்கும் அரசராயிருந்த பாப்பரசர் மூன்றாம் பவுல் உப்பின் விலையை உயர்த்தினார். பெரூஜியா மக்கள் எதிர்த்தெழுந்தனர், தோற்றனர். நகரை அடக்கி வைப்பதற்காகப் பாப்பரசர் ரொக்கா பவுலினா என்னும் பெருங்கோட்டையைக் கட்டுவித்தார். 19ஆம் நூற்றாண்டில் அது இடிக்கப்பட்டது. அதன் அடித்தளங்களினூடே இன்று மக்கள் நடந்து செல்கின்றனர். அன்று விலையேறிய உப்பை மறுத்தவர்களின் வழிவந்தோர் இன்றளவும் பாணில் உப்பிடுவதில்லை என்பது கதை. போருக்கு முன்னரே அங்கு உப்பில்லாப் பாண் வழங்கியது என்போரும் உளர்.

மூதாட்டியாரிடம் கேட்டபோது அவர் வரலாறு பேசவில்லை. உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடையிலிருந்து மெல்லிய சீவல் ஒன்றையும், செம்மறிப்பாற்கட்டியில் ஒரு துண்டையும் என் பாணின்மீது வைத்து, "இப்பொழுது உண்டு பார்" என்றார். காரணம் நாவுக்கு விளங்கிற்று. உப்பு பக்கத்துணவில் இருக்கின்றது. அதனைத் தாங்கி நிற்பதே பாணின் தொழில். நாமும் சோற்றை உப்பின்றி வடித்துக் கறியிலும் சம்பலிலும் உப்பை வைக்கின்றோம் அன்றோ? அவர்களுடைய பாண் நம்முடைய சோறு என்று கண்ட நாள்முதல் அந்த மேசை எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

இனி, அவ்வீட்டின் அன்றாட ஒழுங்கைச் சொல்வேன். காலையில் 'மோக்கா' என்னும் எண்கோண வடிவான சிறு அலுமினியப் பாத்திரம் அடுப்பில் ஏறும். 1933ஆம் ஆண்டில் அல்பொன்சோ பியலெத்தி என்பவர் அறிமுகப்படுத்திய இப்பாத்திரத்தில், கொதிநீர் கீழிருந்து மேலேறிக் கோப்பித்தூளை ஊடறுத்துச் செல்லும். கோப்பியும் பாலும் அதில் தோய்த்துண்ணும் விசுக்கோத்துமே காலையுணவு. நண்பகல் ஒரு மணிக்கு முதலில் பாஸ்தா, பின்னர் இறைச்சியோ முட்டையோ, உடன் கீரை, இறுதியிற் பழம். இரவு எட்டு மணிக்கு ரசம் போன்ற சூப்பு, பாண், பாற்கட்டி. எல்லாவற்றையும் ஒரே தட்டிற் பரிமாறிப் பிசைந்துண்ணும் நமது வழக்கத்தை நான் விரித்துரைத்தபோது பேரன் வாய்விட்டுச் சிரித்தான்.

பாஸ்தா அவிப்பதில் மூதாட்டியார் கண்டிப்பானவர். 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லீற்றர் நீர், அதற்குப் பத்துக் கிராம் உப்பு என்பது அங்குப் பொதுவாகச் சொல்லப்படுங் கணக்கு. பாணில் மறுத்த உப்பை இங்கே அவர்கள் மறுப்பதில்லை. அந்நாட்டு விற்பனைக்கென அங்கே செய்யப்படும் உலர்ந்த பாஸ்தாவைக் கடினக் கோதுமையால் மட்டுமே ஆக்கவேண்டுமென சட்டம் விதிக்கின்றது. நடுவில் சிறிது உறுதி நிற்கும் பதத்தில் அதனை வடித்துவிட வேண்டும். "மேசைக்கு வாருங்கள்!" என்ற குரல் எழுந்தால் எவரும் தாமதித்தலாகாது. மனிதர் பாஸ்தாவுக்காகக் காத்திருக்கலாம். பாஸ்தா மனிதருக்காகக் காத்திராது.

மற்றைய பண்டங்களின் அளவை அவரிடம் கேட்டால், 'குவான்தோ பஸ்தா' என்பார். இங்கே 'பஸ்தா' என்பது உணவன்று. 'போதும்' என்னும் பொருளது. இத்தாலியச் சமையல் நூல்களிலும் இச்சொற்றொடர் காணப்படும். எவ்வளவு போதுமோ அவ்வளவு என்பதே கருத்து. நாம் கைப்பக்குவம் என்பதும் இதனையேயாம். "எழுதி என்ன பயன்? அருகில் வந்து நில்" என்று அவர் சொல்வார். மத்தியதரைக் கடற்புற மக்களின் உணவுமுறையை யுனெஸ்கோ நிறுவனம் 2010ஆம் ஆண்டில் மானிடப் பாரம்பரியங்களுள் ஒன்றாகப் பட்டியலிற் சேர்த்தது. பட்டியல் பெயரைக் காக்கும். பக்குவத்தைக் காப்பது, அடுப்பருகே வந்து நிற்கும் இளையவரேயாவர்.

பாணை வீணாக்குவது அவ்வீட்டில் பெருங்குற்றம். அதனைத் தலைகீழாக வைப்பதுகூடத் தீக்குறி. காய்ந்த பாண் துருவலாகும். நீரிலும் ஒலிவ எண்ணெயிலும் வெந்து கூழாகும். நவம்பரிற் புத்தெண்ணெய் வந்ததும் நெருப்பில் வாட்டப்பட்டு, உள்ளி தேய்க்கப்பட்டு, எண்ணெயில் நனையும். இக்கண்டிப்புக்குக் காரணம் உண்டு. 1941ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் இத்தாலியிற் பாணுக்குப் பங்கீடு வந்தது. சாதாரணமான ஒருவருக்கு நாளொன்றுக்கு 200 கிராம். அடுத்த ஆண்டில் அது 150 ஆகக் குறைந்தது. அப்பொழுது அவர் சிறு குழந்தை. மேசையில் விழுந்த துகளை விரல்நுனியால் ஒற்றியெடுக்கும் வழக்கம் எண்பது வயதிலும் அவரை விட்டு நீங்கவில்லை.

அவரை எவ்வாறு அழைப்பது என்பது எனக்கு நெடுநாட் சிக்கலாயிருந்தது. இத்தாலியத்தில் அன்னியரையும் மூத்தோரையும் 'லெய்' என்பர். நெருங்கியவரை 'தூ' என்பர். சில வாரங்களில் என்னையும் 'தூ' என்றே அழைக்கும்படி பணித்தார். யாழ்ப்பாணத்தில் நீ, நீர், நீங்கள் என மூன்று படிகள் உண்டென்றும், பாட்டியின் வயதுடையவரை 'நீ' என்று சொல்ல நா எழாதென்றும் விளக்கினேன். அவர் சிந்தித்து, "அப்படியாயின் நோன்னா என்று கூப்பிடு, மரியாதை அதற்குள் அடங்கிவிடும்" என்றார். 'நோன்னா' என்றால் பாட்டி. பேரன் அழைக்குஞ் சொல் எனக்கும் உரியதாயிற்று.

2016ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை 7.40 மணிக்கு நிலம் அதிர்ந்தது. தென்கிழக்கே நோர்ச்சியா நகரையண்டி எழுந்த அந்நிலநடுக்கத்தின் அளவு 6.5. நோர்ச்சியாவின் புனித பெனடிக்ற் ஆலயம், முகப்பு மட்டும் நிற்க, இடிந்து வீழ்ந்தது. மலைமேலுள்ள காஸ்தெல்லூச்சோ என்னுஞ் சிற்றூர் பெரும்பாலும் பாழாயிற்று. பெரூஜியாவில் நாங்கள் வீதியில் நின்றோம். குளிரில் நடுங்கினோமா, அச்சத்தால் நடுங்கினோமா என்று சொல்வதற்கில்லை. மூதாட்டியார் பேரனின் கையை விடவேயில்லை. ஆயினும் நண்பகல் ஒரு மணிக்கு மேசை விரிக்கப்பட்டது. அன்று பாஸ்தா சற்றுக் குழைந்திருந்தது. எவரும் அதனைக் குறிப்பிடவில்லை.

அந்தக் காஸ்தெல்லூச்சோ, பருப்புக்குப் பெயர்பெற்ற ஊர். நமது மைசூர்ப்பருப்பின் இனத்தைச் சேர்ந்த, தோல் நீக்காத சிறுமணிப் பருப்பு அங்கே விளைகின்றது. ஆண்டு பிறக்கும் இரவில் பருப்புண்டால் பொருள் பெருகும் என்பது இத்தாலியர் நம்பிக்கை. அவ்வாண்டின் கடைசி இரவில், நிலநடுக்கத்துக்கு முன் அறுவடையான அவ்வூர்ப் பருப்பை மூதாட்டியார் சமைத்தார். கிண்ணங்களை நிரப்பியபின், "விதைத்தவர்களுக்கு முதலில் வீடு வரட்டும்" என்று மட்டுஞ் சொன்னார். பொருள் பெருகுவதைப் பற்றி அன்று எவரும் பேசவில்லை. 2017ஆம் ஆண்டு வசந்தகாலத்தில் அவ்வூர் உழவர்கள் மீண்டும் மலையேறிச் சென்று விதைத்தனர் என்ற செய்தி கேட்டு அவர் அடைந்த மகிழ்ச்சியை நான் கண்டேன்.

நேயர்களே, உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் முன்னோர் மொழி. உப்பில்லாப் பாணை இட்டவரையும் அவ்வாறே நினைத்தல் தகும். பாணில் இல்லாத உப்பு அந்த மேசையைச் சுற்றியிருந்தோர் நெஞ்சில் இருந்தது.